ஐந்து நாள் விதி

பலத்த காவலோடு ஒரு கால்நடை நோய் ஆராய்ச்சிக் கூடம் ஊர்க்கோடியில் வரப்போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து தெருவே கொதித்துக்கொண்டிருந்தது. கிருமி காற்றில் வருமாம், தண்ணீரில் வருமாம், தையற்காரரைக் கேட்டால் தபாலில்கூட வருமாம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஏழு மாடு வைத்திருக்கிற பால்காரம்மாதான் முதலில் அலறியிருக்க வேண்டும். அவளோ வாயே திறக்கவில்லை.

காரணம் இருந்தது. அவளுடைய ஒரே மகள் கிருமிப் படிப்புப் படித்துவிட்டு, ஒரு நாள் பயணத் தொலைவில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறாள். வருடத்துக்கு இரண்டு முறை வருவாள், வந்த சூட்டோடு கிளம்பியும் விடுவாள். கூடம் வந்தால் அவளுக்கு அங்கே ஓர் இடம் உறுதி. பெற்றவள் தொழுவத்தை ஒட்டிய அறைக்குச் சுண்ணாம்பு அடித்துக் கட்டிலும் போட்டாயிற்று. எந்தக் கிருமி வந்தால் என்ன, பிள்ளை வருகிறாளே!

சாயங்காலம் பள்ளிக்கூட மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். வந்திருந்த அதிகாரி பொறுமைசாலி. அடுத்தடுத்து மூன்று கதவு, வடிகட்டிய காற்று, கொதிக்க வைத்த பிறகே வெளியேறும் கழிவுநீர் என்று எல்லாவற்றையும் சுவரில் படம் போட்டுக் காட்டினார்.

"காதுல பூ சுத்தாதீங்க சார்," என்று தையற்காரர் எழுந்தார். "கதவெல்லாம் சரி. உள்ள போயிட்டு வர்ற ஆளு மேல ஒட்டிக்கிட்டு வந்தா?"

"தலையோட குளிச்சு, உடுப்பு மாத்திட்டுத்தாங்க வெளிய வருவாங்க. அதுக்கப்புறமும் அஞ்சு நாளைக்கு ஆடு மாடு இருக்கிற இடத்துல காலே வைக்கக் கூடாது. மீறினா வேலை போயிடும்."

தைரியம் சொல்லத்தான் சொன்னார். பால்காரம்மாவோ அதைக் கேட்டதும் தடுமாறி எழுந்தாள்.

"தினமும் வேலைக்குப் போறவ எப்பங்க வீட்டுக்கு வருவா?"

"மாடு இருக்கிற வீடுன்னா வர முடியாதும்மா. வேற இடத்துலதான் தங்கணும்."

"அப்ப உங்களுக்கே பயம் இருக்குல்ல!" என்று தையற்காரர் மடக்கினார். மண்டபம் சிரித்தது. அவள் வராந்தாவுக்கு வந்து மகளுக்குப் போன் போட்டாள்.

"அஞ்சு நாள் சமாச்சாரம் உனக்குத் தெரியுமாடி?"

"தெரியும்மா. மாட்டை விக்கிறேன்னு நீ கிளம்பிடுவியோன்னுதான் சொல்லல. வீட்டுக்குள்ள வர முடியாட்டியும் ஒரே ஊர்ல இருப்பேன்ல?"

"நான் உன்னைத் தொட்டுட்டு மாட்டுக்கிட்ட போனா?"

"தொட வேண்டாம்மா."

ஊரே கிருமிக்கு நடுங்கியபோது நடுங்காதவள், இப்போது பெற்ற மகளின் கைக்குப் பயந்தாள். அப்படிப் பயந்துவிட்டோமே என்று அழுதாள். மாட்டை விற்றால் சோற்றுக்கு எங்கே போவது? மகளை வர வேண்டாமென்றால் அந்தச் சோறு தொண்டையில் இறங்குமா? மூக்கைச் சிந்திவிட்டு உள்ளே போனாள்.

உள்ளே ஆட்சேப மனுவில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தையற்காரர் பேனாவை நீட்டினார். "இப்பவாவது போடு தங்கச்சி."

"இருங்கண்ணே," என்றவள் அதிகாரியிடம் போனாள். "வேலை செய்றவங்க தங்குற வீடு எங்க வருதுங்க?"

அவர் வரைபடத்தில் விரல் வைத்தார். "இதோ, வேலிக்குள்ள, ரோட்டை ஒட்டி."

"ஜன்னல் எந்தப் பக்கம்?"

"உள்பக்கம்மா. ரோட்டுத் தூசி வரக் கூடாதுன்னு."

"ரோட்டுப் பக்கம் வைங்க. காலையில அந்த வழியாத்தான் பால் கொண்டு போவேன். வெளிய நின்னு எம்பொண்ணைப் பார்த்துட்டுப் போறது தப்பில்லையே?"

"தப்பில்லம்மா," என்று அதிகாரி குனிந்து குறிப்பேட்டில் எழுதினார்.

தையற்காரர் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "இந்தக் கூடம் வேண்டாம்னுதான் நான் கடைசி வரைக்கும் சொல்லுவேன்," என்றார். "ஆனா ஜன்னலைப் பெருசா வைக்கணும்னு எழுதுங்க சார்."