ஆமாம் என்றால் பக்கவாட்டில்

அல்பேனிய மலையூர்களில் ஒருவர் தலையாட்டினால் அவசரப்பட்டு அர்த்தம் எடுத்துக்கொள்ளக் கூடாது. ‘ஆமாம்’ என்றால் தலை இடமும் வலமுமாக அசையும். ‘இல்லை’ என்றால் மோவாய் ஒருமுறை மேலே எழும், புருவமும் கூடவே ஏறும், நாக்கு ‘ட்ச்’ என்று ஒலிக்கும். இங்கே பேச்சு வராத பிள்ளைக்குக்கூட இது வந்துவிடும். வியன்னாவில் பிறந்த ஏழு வயது ஹெர்தாவுக்குத்தான் வரவில்லை.

ஜெர்மன் படை இங்கேயும் வந்ததும், வியன்னாவிலிருந்து தப்பி வந்திருந்த யூதர்களான அவளுடைய பெற்றோர் அவளை இந்த ஊர்க்காரி நஃபியேவிடம் ஒப்படைத்துவிட்டு வேறொரு கிராமத்தில் ஒளிந்துகொண்டார்கள். மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தால் மூன்று பேரும் ஒன்றாகவே பிடிபடுவார்கள். நஃபியே அவளுக்கு லூலே என்று பெயர் வைத்துத் தலையில் துணி கட்டினாள். ஊர்மொழியும் ஓரளவு வந்தது. ஆனால் வாய் திறந்தால் வியன்னா எட்டிப் பார்த்தது.

“யாராச்சும் வந்தா வாயத் தொறக்காத. தலையாட்டு, போதும்.”

“எப்படி ஆட்டணும்?”

“‘ஆமா’ன்னுதான். எல்லாத்துக்கும் ‘ஆமா’ங்கிற பிள்ளைய எவன் சந்தேகப்படப் போறான்?”

ரொட்டி வேணுமா, ஆட்டைக் கட்டியாச்சா என்று கேட்டுக் கேட்டே பழக்கினாள். கடைசியில் லூலே யோசிப்பதற்கு முன் கழுத்து அசைந்தது.

ஒரு மதியம் ஜெர்மன் அதிகாரி வந்தார். கூடவே நகரத்து மொழிபெயர்ப்பாளன் பெத்ரித். அதிகாரி ஜெர்மனில் கேட்பார், பெத்ரித் அதை ஊர்மொழியில் சொல்வான், பதில் அதே வழியில் திரும்பும். இதில் ஒரு ஓட்டை இருந்தது. கேள்வி முதலில் லூலேயின் தாய்மொழியான ஜெர்மனில்தான் வரும் என்பதை நஃபியே யோசிக்கவே இல்லை.

அதிகாரி குனிந்து, சிரித்தபடி லூலேயிடம் ஏதோ கேட்டார். பெத்ரித் வாய் திறப்பதற்குள் அவள் தலை இடமும் வலமுமாக அழுத்தமாக அசைந்தது. நஃபியே காபிக் கோப்பைகளோடு நடுவே வந்து நின்றாள். அதிகாரியோ திருப்தியாக நிமிர்ந்து, அடுத்த வீட்டைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

பெத்ரித் மட்டும் காபியைக் குடித்து முடித்தான்.

“அக்கா, அவர் என்ன கேட்டார் தெரியுமா? ‘நான் பேசுறது புரியுதா’ன்னு. உங்க பொண்ணு ‘ஆமா’ன்னுட்டா.”

நஃபியே கதவைச் சாத்தினாள். “அப்புறம்?”

“அவர் ஊர்ல அப்படி ஆட்டினா ‘இல்ல’ன்னு அர்த்தம். பிள்ளைக்குப் புரியலன்னு அவரே முடிவு பண்ணிக்கிட்டார். ‘இல்ல’ன்னு சொல்றதுக்கும் கேள்வி புரியணுமேன்னு அவருக்குத் தோணல.”

“உங்களுக்கு?”

“நான் பேச்ச மொழிபெயர்க்க வந்தவன். தலைய மொழிபெயர்க்கச் சொல்லி யாரும் கேக்கலையே.” கோப்பையை வைத்தான். “பொண்ணு உண்மையே பேசுறா அக்கா. சீக்கிரம் மாத்துங்க.”

அவன் போனதும் நஃபியே லூலேயை மடியில் இழுத்துக்கொண்டாள்.

“இனிமே அவங்க பேச்சு காதுல விழாத மாதிரியே இருக்கணும். என்ன, இருப்பியா?”

லூலே தலையை மேலும் கீழும் ஆட்டினாள்.

அது எந்த ஊர் பதில் என்று நஃபியேவுக்குத் தெரியவில்லை.