நிழலில்லாதவளுக்கு வேலை

புருஷன் வீட்டை விட்டுப் போன அன்று, மூன்றாம் மாடியில் குடியிருந்த வீட்டுவேலைக்காரியின் நிழலும் அவனோடு கிளம்பிப் போய்விட்டது. ஓர் ஆளும் இரண்டு நிழல்களுமாகத் தெருமுனை திரும்பியதைப் பால்காரர் பார்த்திருக்கிறார். போனவனை அவள் தலைமுழுகிவிட்டாள், நிழலுக்காகத்தான் அழுதாள். உச்சி வெயிலிலும் அவள் காலடியில் தரை பளிச்சென்று கிடக்கும். 'வெறுந்தரை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஊர் வாய்க்கு மூடி ஏது? வேலை பார்த்த வீடுகள் பயந்துபோய் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. பள்ளிக்கூடம் போகும் மகள் ஒருத்தி; அடுப்பில் பூனை தூங்கியது.

அந்த வருஷம்தான் ஒரு கம்பெனி அவள் இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடி முழுக்கச் சூரியத் தகடுகளைப் பதித்தது. வேலையெல்லாம் குடியிருப்பவர்களுக்கே என்று வாசலில் மைக் வைத்துச் சொன்னார்கள். வந்து இறங்கியதோ வெளியாட்கள். கேட்டால், ஒரு தகட்டில் நிழல் விழுந்தாலும் அந்த வரிசைக்கே மின்சாரம் படுத்துவிடும், பழகாதவர்களை ஏற்ற முடியாது என்றார்கள். பழகியவர்களுக்கு மட்டும் நிழல் இல்லையா என்ன! பக்கத்தில் சிமெண்ட் ஆலை. காலையில் துடைத்த தகடு பத்து மணிக்குள் புழுதியில் வெளுத்துவிடும். வெயிலில் ஏறித் துடைத்தால் மீட்டர் சரியும். சூப்பர்வைசர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, காற்றில் பறந்த மகளின் சட்டையை எடுக்க வெறுந்தரை தகடுகளுக்கு நடுவே நடந்தாள். மீட்டர் துளிகூட இறங்கவில்லை.

"அக்கா, இன்னொரு தடவை நடங்க," என்றார் சூப்பர்வைசர்.

மறுநாளே வேலை. கையில் நீளத் துடைப்பான், இடுப்பில் கயிறு, மாதம் பிறந்தால் சம்பளம். போகப்போகத் தகடு மாற்றவும் ஒயர் இழுக்கவும் கற்றுக்கொண்டாள். மற்ற பெண்கள் வேலை கேட்டுப் போனபோது கம்பெனிக்காரர்கள் அவர்கள் காலடியைப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்கள். "உனக்கென்னடி, போன புருஷன் யோகத்தை வச்சிட்டுல்ல போயிருக்கான்," என்றாள் எதிர்வீட்டுக்காரி. வயிற்றெரிச்சல்தான். ஆனாலும் அதில் நியாயம் இருந்தது, வெறுந்தரைக்குச் சுருக்கென்றது.

ஐந்தாம் வருஷம் நிழல் திரும்பி வந்தது. தனியாகத்தான் வந்தது. இளைத்து, ஓரமெல்லாம் நைந்து, அவள் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் வாசற்படியில் கிடந்தது. சந்தோஷம் ஒரு கணம்தான். அடுத்த கணம் மாடித் தகடுகள் நினைவுக்கு வந்தன.

"அவன் பின்னால போனியே, நான் சோத்துக்கு அல்லாடினப்போ எங்க இருந்தே? இப்ப என் பொழப்புல மண்ணைப் போட வந்தியா?" திட்டத் திட்ட அவளுக்கே அழுகை வந்தது.

மகள் குனிந்து நிழலைத் தடவினாள். "அம்மா, நடுங்குதும்மா."

விரட்ட மனம் வரவில்லை. மொட்டை மாடிப் படி வரை கூட்டிப்போய், "இங்கயே இரு. மேல வந்தா நம்ம மூணு பேருக்கும் சோறு இல்ல. சாயங்காலம் கூட்டிட்டுப் போறேன்," என்று சொல்லிவிட்டு ஏறினாள். திரும்பிப் பார்க்கப் பயம். நிழல் முதல் படியிலேயே உட்கார்ந்துகொண்டது. அன்று மின்சாரத்தில் ஒரு குறையும் இல்லை.

அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் சாயங்காலமே எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். "பக்குவமாச் சொன்னா நிழல் கேக்குதுடி. நாளைக்கு நீயும் சொல்லிப் பாரு."

அதற்குப் பிறகு கம்பெனிக்குச் சொல்ல ஒரு சாக்கும் மிஞ்சவில்லை. இப்போது மேலே வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் அந்தக் குடியிருப்புப் பெண்கள்தான். நிழல்கள் படிக்கட்டடியில் செருப்புகளைப் போல் வரிசையாகக் கிடக்கின்றன. ஏறி இறங்குகிறவர்கள் மிதிக்காமல் ஒதுங்கிப் போகிறார்கள். வேலை விட்ட அவசரத்தில் ஒருத்தி நிழலை இன்னொருத்தி மாட்டிக்கொண்டு போவதும் உண்டு. மறுநாள் காலையில் மாற்றிக்கொள்கிறார்கள்.