உழாத வயல்

ஜெப்சனுக்கு ஒரு ஆசை இருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஒரே ஒரு நெல்வயல் பத்து வருடம் கலப்பை படாமல் கிடக்க வேண்டும். அந்த மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று அவன் பார்க்க வேண்டும்.

மண்ணியலில் முனைவர் பட்டம் வாங்கியவனுக்கு இது ஒரு ஆசையா என்று கேட்கலாம். நாஞ்சில் நாட்டில் இது பேராசை. இங்கே வயல் என்றால் தொளி. தண்ணீரைக் கட்டி, உழுது, மறுபடி உழுது, சேற்றைக் கூழாகக் கலக்கி, மரம் அடித்துப் பரப்பி, அதில் வானம் தெரிந்த பிறகுதான் நாற்றைத் தொடுவார்கள். தலைமுறை தலைமுறையாகக் கலக்கியதில் ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே மண் தளம் போட்டதுபோல் இறுகிவிட்டது. வேர் அதில் முட்டித் திரும்பும். உழாமல் விட்டால் வேரும் மண்புழுவும் சேர்ந்து அந்தத் தளத்தைத் துளைத்துவிடும் என்று ஜெப்சன் நம்பினான். பத்து வருடம் ஆகும். ஆராய்ச்சி நிலையத்தில் எந்தச் சோதனைக்கும் மூன்று வருடம்தான் ஆயுள். அதற்குள் அதிகாரி மாறுவார், திட்டம் மாறும், டிராக்டர் இறங்கும். இரண்டு முறை அப்படிப் போயிற்று.

2004இல் வடக்கே பயிற்சிக்குப் போனவன், உழாமலே மண்ணைக் கீறி விதை போடும் ஒரு எந்திரத்தைப் பார்த்து, மேலிடத்தில் மன்றாடி ஒன்றை வரவழைத்தான். கோதுமை வயலுக்குச் செய்த சாமான். நம்மூர்க் களிமண்ணில் நாலடி போவதற்குள் கொழுவில் எல்லாம் வைக்கோல் சுற்றி, மண் அப்பி, எருமை மாதிரிப் படுத்துவிட்டது. கீறக் கூடாது, வெட்ட வேண்டும் என்றான் ஜெப்சன். வடசேரியில் பட்டறை வைத்திருந்த ஆபேலும் அவனும் பழைய தட்டுக் கலப்பையின் தட்டுகளைச் சாணை பிடித்து அதில் மாட்டினார்கள்.

“கலப்பையை ஒழிக்கக் கலப்பையையே அறுக்கேரே சாரே” என்றான் ஆபேல். “பாவம் கெடைக்கும்.”

எந்திரம் ஓடியது. ஊரில் அதற்குச் ‘சாருக்க சீப்பு’ என்று பெயர் வைத்தார்கள். தலை வாரச் சீப்பு கிடைத்துவிட்டது, தலை கொடுக்கத்தான் ஆள் இல்லை. கடைசியில் பூதப்பாண்டிப் பக்கம் வாய்க்கால் ஓரத்தில் ஒன்றரை ஏக்கர் வைத்திருந்த கோலப்பன் மாட்டினார். ஊரே வேண்டாம் என்றால் அதற்காகவே செய்கிற ஆள்.

“உழாம வெளையும்ணு சொல்லுகேரு. வெளையாட்டி?”

“வெளையாட்டி என்னைப் போட்டு உழுங்க அண்ணாச்சி.”

“உம்மள எங்க வேய் உழ? எலும்புல தட்டிக் கொழுவு ஒடிஞ்சிரும்.”

விளைந்தது. முதல் வருடம் குறைவாக, பிறகு மற்றவர்கள் அளவுக்கு. ஆனால் அறுத்த தாள் அப்படியே நிற்க, வைக்கோல் மூடிக் கிடந்த அந்த வயலைக் கடந்து போகிறவன் எவனும் வாயை வைத்துக்கொண்டு சும்மா போகவில்லை. “வயலுக்கு என்னவே துட்டி, ஆரு செத்தா? தாடி வளத்துக்கிட்டுக் கெடக்கு” என்பார்கள். கோலப்பன் வரப்பில் நின்று பதிலுக்குப் பதில் கொடுப்பார். அவருக்கு அது பிடித்திருந்தது. அவர் மனைவி தாணம்மாள் வயலுக்குள் குனிந்து நிற்பாள்.

ஒவ்வொரு வருடமும் அறுவடைக்குப் பின் ஜெப்சன் ஒரு இரும்புக் கம்பியோடு வருவான். நட்டுவைத்து மேலிருந்து அழுத்துவான். முதல் வருடம் ஒரு சாணில் ‘டக்’ என்று நின்றது. மூன்றாம் வருடம் கொஞ்சம் யோசித்துவிட்டு நின்றது. ஆறாம் வருடம் முழங்கால் அளவு உள்ளே போனபோது அவன் கம்பியைப் பிடித்தபடியே வரப்பில் உட்கார்ந்துவிட்டான். கல்யாணத்தன்றுகூட அவன் முகம் அப்படி இருந்ததில்லை என்று அவன் மனைவி லீலாபாய் பிறகு சொன்னாள். அவள் பார்க்கவில்லை. அவன் சொன்ன விதத்திலேயே தெரிந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு அவனைக் கோவில்பட்டிப் பக்கம் மாற்றினார்கள். கரிசல் பூமி, மழை இல்லை. சாயங்காலமானால் அந்த ஈர மண்ணின் வாசனைக்கு மூக்கு ஏங்கும். கோலப்பனைப் போனில் கூப்பிடுவான்.

“அண்ணாச்சி, மண்ணு எப்படி இருக்கு?”

“மண்ணு சொகமா இருக்கு. எனக்குத்தான் மூட்டு வலி. அதைக் கேக்க ஆளில்ல.”

எட்டாம் வருடம், 2013இல், கோலப்பன் சித்திரையிலேயே படுத்துவிட்டார். கோடை மழை ஈரத்தில் சீப்பு ஓட்ட வேண்டிய நேரம், வயல் சும்மா கிடந்தது. கன்னிப்பூ என்கிற முதல் போகத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் விட்ட வாரம் அவர் செத்துப்போனார். ஜெப்சன் அடக்கத்துக்கு வந்துவிட்டுத் திரும்பினான். பத்து நாள் கழித்து ஆபேல் போன் செய்தான்.

“சாரே, ஒடனே வாரும். நாளைக்கு ஊரெல்லாம் சேந்து வயல உழப்போறாவ.”

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஆண் செத்த வீட்டு வயலைப் பதினாறாம் நாளுக்குள் ஊர்க்காரர்கள் உழுது கொடுத்துவிடுவார்கள். ஒருவனும் கூலி வாங்க மாட்டான். அந்த வயல் சும்மா கிடந்தால், வீட்டுக்காரியை ஊர் கைவிட்டுவிட்டது என்று பொருள். இத்தனை வருடம் கேலி பேசிய அதே ஆட்கள்தான், ஒருவர் விடாமல், அந்த மரியாதையைச் செய்யக் கிளம்பியிருந்தார்கள்.

ஜெப்சன் கம்பியோடு பஸ்ஸில் வந்து இறங்கியபோது வயலில் கணுக்கால் தண்ணீர் நின்றது. வரப்பில் மூன்று டிராக்டர்கள், இரும்புச் சக்கரம் மாட்டித் தயாராக. ஒன்றின் மேல் ஆபேல் உட்கார்ந்திருந்தான். பட்டறைதான் வடசேரியில், அவனுக்கும் இதே ஊர்; ஊரோடு நிற்காமல் இருக்க அவனாலும் முடியவில்லை. தாணம்மாள் வாய்க்கால் கரையில் நின்றாள்.

“வாங்க சாரே. உங்களுக்காகத்தான் நிறுத்தி வச்சிருக்கேன்.”

“அக்கா, இன்னும் ரெண்டே வருசம்” என்றான். “ரெண்டு வருசம் பொறுத்தா பத்து ஆயிரும்.”

“அந்த ரெண்டு வருசம் களை ஆரு பறிக்க?”

அவன் கம்பியைக் கை மாற்றிப் பிடித்தான்.

“தொளி கலக்குனா களை சேத்துக்குள்ள அமுங்கிப் போவும். உழாத வயல்ல அது எங்க போவும்? எனக்க கைக்குத்தான் வரும். அந்த மனுசன் வரப்புல நின்னு ஊர்க்காரன்கிட்ட வாய் பேசுவாரு. நீங்க கம்பியக் குத்திக் குத்திப் பாப்பிய. நடுவுல ஒருத்தி குனிஞ்சு கெடந்தாளே, அவள ரெண்டு பேரும் பாத்தியளா?”

டிராக்டர்காரர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். அவளுக்குக் கோபம் இல்லை. அதுதான் அவனைக் கொன்றது.

“கெட்டி வந்த வருசம் இந்த வயல் தொளியாக் கெடந்தது. மலை முழுக்க அதுல தெரிஞ்சுது. திரும்ப ஒருக்கா அப்படிப் பாக்கணும்ணு எட்டு வருசமாக் கெடக்குகேன். ஆனா அவரு உங்களுக்கு வாக்குக் குடுத்திருக்காரு. நீங்க வேண்டாம்ணு ஒரு வார்த்தை சொன்னா நிறுத்திருகேன்.”

ஒரு வார்த்தை. நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் அவள் நிறுத்துவாள் என்று அவனுக்குத் தெரியும். அப்புறம் குனிவாள் என்றும் தெரியும். கையிலிருந்த கம்பியைப் பார்த்தான். கடைசியாக ஒருமுறை குத்திப் பார்க்கலாம் என்று தோன்றியது. குத்தவில்லை. எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிட்டால் அதோடு தீர்ந்துபோகும்.

“ஒரு மம்பட்டி தாருங்க அக்கா” என்றான்.

வரப்போரம் மேடாக இருந்த இடத்தில், தண்ணீர் ஏறாத மண்ணில், முழ அகலத்துக்குச் சதுரமாக வெட்டி எடுத்தான். வேர், தாள், புழுத்துளை எல்லாம் உடையாமல். நனைத்த சாக்கில் சுற்றிக் கட்டினான். பிறகு ஆபேலைப் பார்த்துக் கையைக் காட்டினான்.

ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை, நடுவயல் வரை கலங்கிவிட்டது. மரம் அடித்து முடித்தபோது மலை அதில் தலைகீழாக இறங்கியது, பக்கத்தில் மேகம். அழகாகத்தான் இருந்தது. அழகாக இருந்தது அவனுக்குப் பிடிக்கவில்லை. தாணம்மாள் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அடுத்த பூவுக்கு வேணும்ணா உங்க சீப்பக் கொண்டாங்க சாரே” என்றாள் திரும்பாமலே. “கூடவே களை பறிக்க ஒரு எந்திரமும் கொண்டாங்க.”

அவன் மனதுக்குள் கூட்டிப் பார்த்தான். மறுபடி முதல் வருடத்திலிருந்து. பத்து முடியும்போது அவன் ஓய்வு பெற்றிருப்பான்.

நாகர்கோவில் பஸ்ஸில் சாக்கை மடியில் வைத்துக்கொண்டான். தண்ணீர் சொட்டிப் பேண்ட் நனைந்தது.

“என்ன சாரே, மீனா?” என்றார் கண்டக்டர்.

“மண்ணு.”

“மண்ணுக்கு எதுக்கு நனைஞ்ச சாக்கு?”

“காஞ்சிரக் கூடாது.”

கண்டக்டர் அவன் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு நகர்ந்தார். இறச்சகுளம் தாண்டும்வரை இரண்டு பக்கமும் தொளி அடித்த வயல்கள், எல்லாவற்றிலும் வானம். சாக்கின் ஓட்டை வழியாக ஒரு மண்புழு தலையை நீட்டியது. விரலால் மெல்ல உள்ளே தள்ளினான். அதைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று அப்போதுதான் யோசித்தான். கோவில்பட்டியில் வாடகை வீடு, மாடி. இத்தனை வருடம் மண்ணோடு கிடந்தவனுக்குச் சொந்தமாக ஒரு பூந்தொட்டிகூட இல்லை.