பத்து வருஷம் கத்திரி தொடக் கூடாது

அந்த நீதிமன்றத்தில் வேலை பார்ப்பவர்கள் நீதிபதிக்கு முதுகுக்குப் பின்னால் 'ஏன் அம்மா' என்று பெயர் வைத்திருந்தார்கள். வழக்கறிஞர் தும்மினால்கூட ஏன் தும்மினீர்கள் என்று கேட்பார் என்பது அவர்கள் கிண்டல். நீதிபதிக்கும் அது தெரியும். காதில் விழாத மாதிரி இருந்துவிடுவார்.

அன்று வந்தது ஓர் அழகு நிலைய வழக்கு. கடைக்காரம்மா, தன் கடையில் முடி வெட்டும் வேலை பார்த்த பெண்மீது போட்டது. வேலையை விட்டால் பத்து வருஷத்துக்கு அந்த ஊரிலும் அக்கம்பக்கத்திலும் யார் தலையிலும் கத்திரி வைக்கக் கூடாது என்று ஒப்பந்தம். அவளோ வேலையை விட்ட கையோடு, அக்கா வீட்டு முன்னறையில் நாற்காலியும் கண்ணாடியும் போட்டு வெட்ட ஆரம்பித்துவிட்டாள்.

"கையெழுத்து இவங்களோடதுதான். இதுக்கு மேல பேச என்ன இருக்கு?" என்றார் கடைக்காரம்மாவின் வழக்கறிஞர்.

நீதிபதி அந்தப் பெண்ணையே கேட்டார். "படிச்சுப் பார்த்தீங்களா?"

இந்த மாதிரி வழக்குகளில் எல்லோரும் 'படிக்கவே விடலை' என்றுதான் அழுவார்கள்.

"ரெண்டு தடவை படிச்சேன் மேடம். நல்லாவே புரிஞ்சுது."

அவளுடைய வழக்கறிஞர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். நீதிபதி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"புரிஞ்சும் ஏன் போட்டீங்க?"

"வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள் கழிச்சுத்தான் நீட்டினாங்க. பத்தை ரெண்டாக் குறைங்கன்னு கேட்டேன். 'இஷ்டமிருந்தா போடு, இல்லைன்னா நாளைக்கு வராதே'ன்னாங்க. அப்போ என் வீட்டுக்காரருக்கும் வேலையில்லை. எனக்குத் தெரிஞ்ச தொழிலும் இது ஒண்ணுதான்."

நீதிபதிக்கு ஆர்வம் தொற்றிக்கொண்டது. புரியாமல் போட்டால் ஏமாற்று என்று சொல்லிவிடலாம். புரிந்து, வேறு வழியில்லாமல் போட்டால்? வேறு வழியில்லாமல்தானே ஊரில் பாதிப் பேர் கையெழுத்துப் போடுகிறார்கள். எல்லாவற்றையும் கிழித்துப்போட முடியுமா? வழியில்லாதவளிடம் எதை எழுதி வாங்கினார்கள் என்பதையும் சேர்த்தல்லவா பார்க்க வேண்டும்? கடைக்காரம்மாவைக் கூண்டுக்கு அழைத்தார்.

"அதென்ன பத்து வருஷம்? ஏன் எட்டு இல்லை?"

கடைக்காரம்மா திருதிருவென்று விழித்தார். "நான் முன்னாடி வேலை பார்த்த கடையில எனக்குக் கொடுத்ததுல அப்படித்தான் இருந்துச்சு மேடம். பேரை மட்டும் மாத்திக்கிட்டேன்."

"அப்போ நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க?"

"...ஆமா."

"எப்போ சொந்தக் கடை திறந்தீங்க?"

"அடுத்த வருஷம்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"உங்க முதலாளி வழக்குப் போடலையா?"

"இன்னும் போடலை மேடம்." சட்டென்று அந்தப் பெண் பக்கம் கையை நீட்டினார். "ஆனா இவளுக்குத் தொழிலை மெருகேத்தினது நான். என் வாடிக்கையாளருங்க நம்பரையெல்லாம் எடுத்துட்டுப் போயிட்டா. எனக்கு வயிறு எரியாதா?"

அந்த எரிச்சல் பொய்யில்லை என்று நீதிபதிக்குத் தோன்றியது. அதையும் குறித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் தீர்ப்பு சொன்னார். கையெழுத்து உண்மை. படித்ததும் உண்மை. ஆனால் கடை நினைத்தால் அவளை எந்த நாளும் வெளியே அனுப்பலாம். அவள் வெளியே போனால் பிழைப்பையே பத்து வருஷம் மூட்டைகட்டி வைக்க வேண்டும். அதில் ஒரு சொல்லை மாற்றக்கூட அவளுக்கு இடமில்லை. இவ்வளவு ஒருபக்கமாகச் சாய்ந்த நிபந்தனையை அமல்படுத்த நீதிமன்றம் கைகொடுக்காது. அது செல்லாது. அதே சமயம், கடையிலிருந்து எடுத்துப்போன நம்பர்களை அவள் அழித்துவிட வேண்டும். அந்தப் பெண் மறுபேச்சில்லாமல் தலையாட்டினாள்.

எல்லோரும் எழுந்தபோது கடைக்காரம்மா மட்டும் நகரவில்லை.

"மேடம், அப்போ நான் அன்னைக்குப் போட்ட கையெழுத்து?"

"அந்த வழக்கு என்கிட்ட வரலையேம்மா."

"அந்த முதலாளியைத் தெருவுல பார்த்தா இன்னைக்கும் எதிர்ப்பக்கம் போயிடுவேன் மேடம். எப்போ கோர்ட்டுக்கு இழுப்பாரோன்னு."

கைப்பையை மூடிக்கொண்டிருந்த முடி வெட்டும் பெண் திரும்பினாள். "இதை ஏன்க்கா என்கிட்ட ஒரு நாளும் சொல்லலை?" என்றாள்.