இந்தப் பக்கக் கண்

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, நடையில் வைத்திருந்த பிளாஸ்டிக் தொட்டியின் முன் மருமகன் குந்தியிருந்தான். மீன் மூலையிலேயே நின்றது. விரல் நகத்தால் தொட்டியை லேசாகத் தட்டினான். அது மனமில்லாமல் திரும்பியது. வீங்கிய கண் சுவர்ப்பக்கம் போய், நல்ல கண் இந்தப் பக்கம் வந்தது.

நல்ல கண்ணும் பிதுங்கியிருந்தது. அதன்மேல் பாலாடை போல ஒரு மங்கல்.

"மாப்பிள்ளை..."

மாமனாரின் குரல் இப்போதெல்லாம் ஆக்ஸிஜன் இயந்திரத்தின் இரைச்சலுக்கு அடியிலிருந்துதான் வரும். பழகிய காதுக்கு மட்டும் கேட்கும். அவன் டார்ச்சை அணைத்துவிட்டு அறைக்குள் போனான்.

தலையணைகளை அடுக்கி, அவரை முக்கால்வாசி உட்கார வைத்திருந்தார்கள். படுத்தால் மூச்சு முட்டும். காலையில் வந்த டாக்டர் வாசலில் செருப்பு மாட்டியபடியே, "சொல்ல வேண்டியவங்களுக்கெல்லாம் சொல்லிடுங்க" என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அப்போதிலிருந்து அவள் சமையலறையில் போனும் கையுமாக நின்றாள்.

"மேனேஜர் எப்படி இருக்கார்?"

"இருக்கார் மாமா."

"இருக்கார்னு தெரியுது. இல்லன்னா நீங்க... மூஞ்சிய வேற மாதிரி வச்சிருப்பீங்க."

காலமெல்லாம் இன்சூரன்ஸ் ஆபீசில் கிளார்க்காக இருந்தவர் அவர். ஓய்வு பெற்ற வருடம் கடல்நீர்த் தொட்டி ஒன்றை வாங்கி முன்னறையில் வைத்தார். கண்ணாடி ஓரமாக அங்குமிங்கும் நடந்து, எல்லாரையும் பார்த்துக்கொண்டு, ஒரு வேலையும் செய்யாத மஞ்சள் மீனுக்குத் தன் பழைய மேலதிகாரியின் பதவியைக் கொடுத்தார். மற்ற மீன்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. மேனேஜர் மட்டும் மிச்சம்.

"கண்ணு? ஒண்ணா, ரெண்டா?"

தினமும் கேட்கிற கேள்விதான். ஒரு கண் வீங்கினால் பாறையில் இடித்துக்கொண்டது என்று அர்த்தம். தனியாக, இருட்டாக, தொந்தரவு செய்யாமல் விட்டால் தானே வற்றும். இரண்டும் வீங்கினால் கோளாறு தண்ணீரில். மீனை நடைத் தொட்டிக்கு மாற்றிய அன்று, உட்கார முடிந்த காலத்தில், அவர் சொல்லிக் கொடுத்தது.

"ஒண்ணுதான் மாமா."

"அப்ப தொடாதீங்க." அவர் கண்களை மூடிக்கொண்டார். "விட்டுடுங்க. வத்திடும்."

அவன் சமையலறைக்குப் போனான்.

"ரெண்டு கண்ணும் போச்சு."

மனைவி போனைக் காதிலிருந்து எடுத்தாள். அவள் முகம் வெளிறியது.

"மீனுக்குச் சொல்றேன்."

"உயிரையே எடுக்கறீங்க." சுவரில் சாய்ந்துகொண்டாள். "அப்பாகிட்ட சொல்லித் தொலைக்காதீங்க. இன்னிக்கு மட்டுமாவது."

"சொல்லலேன்னா தாங்காது."

"எது தாங்காது?"

அவன் நடைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அவளே, "நெட்டுல பாருங்களேன்" என்றாள்.

"பாத்தேன். மருந்து போடுன்னு ஒருத்தன். போட்டா செத்துடும்னு இன்னொருத்தன்."

அவள் மறுபடி எண்களை அழுத்தத் தொடங்கினாள். "சித்தப்பா, நான்தான்..." என்பது கேட்டது. அவன் நடைக்கு வந்து தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான். காற்றுக்குமிழிகள் ஏறிக்கொண்டிருந்தன.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமனார் அவனை அந்தத் தொட்டிப் பக்கம் விட்டதில்லை. "லாரி ஓட்டற கை. அதுங்க பாவம்" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். படுக்கையில் விழுந்த பிறகு, மகளைக் கூப்பிடாமல் அவனைக் கூப்பிட்டு, "நீங்க பாத்துக்குங்க" என்றார். லோடு ஏற்றப் போவதற்கு முன் தினமும் வாளியில் உப்பைக் கரைத்து, கலக்கி, தெளியவைத்து, குறைந்த அளவுக்குத் தொட்டியில் ஊற்றிவிட்டுத்தான் போனான். ஒரு நாள்கூடத் தவறவில்லை. தண்ணீரில் என்ன கோளாறு இருக்க முடியும் என்று அவனுக்குப் புரியவில்லை. தெரிந்த ஒரே ஆள் உள்ளே இருந்தார். அவரிடம்தான் பொய் சொல்லியிருந்தான்.

கட்டில் ஓரம் போய் நின்றான். மார்பு ஏறி இறங்குகிறதா என்று முதலில் பார்த்தான்.

"மாமா. ரெண்டு கண்ணும்."

அவர் கண்ணைத் திறக்க நேரமாயிற்று.

"இப்பதானே ஒண்ணுன்னீங்க."

இயந்திரம் இரைந்தது.

"தண்ணி குறையுதா?"

"குறையுது. தினமும் ஊத்திடறேன்."

"என்ன ஊத்தறீங்க?"

"உப்புத் தண்ணிதான் மாமா. நல்லாக் கரைச்சு, தெளிய வச்சு." லாரியில் கூலன்ட் குறைந்தால் கூலன்ட்தான் ஊற்றுவான் அவன். பச்சைத் தண்ணீர் ஊற்றி இன்ஜினைக் கெடுக்கிறவர்களைக் கண்டாலே ஆகாது.

போர்வையின்மேல் அவர் கை எழும்பி, விழுந்தது.

"உப்பு ஆவியாகுமா மாப்பிள்ளை?"

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. தண்ணீர் மட்டும்தான் போயிருக்கிறது. உப்பு அங்கேயே இருந்திருக்கிறது. அதன்மேல் தினம் தினம், தவறாமல், இன்னும் உப்பு.

"மேனேஜர... உயிரோட கருவாடு போட்டிருக்கீங்க."

சிரிப்பு தொடங்கி இருமலாயிற்று. இருமல் நிற்கவில்லை. மனைவி ஓடிவந்து அவர் முதுகைத் தாங்கினாள். அவன் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவர் கையசைத்து அவளை விலகச் சொன்னார்.

"மொத்தமா மாத்திடாதீங்க. தாங்காது. உப்பில்லாத தண்ணி... கேன் தண்ணி. மேல ஒரு வாளி வச்சு... ட்யூப்ல முடிச்சு போட்டு... சொட்டு சொட்டா விடுங்க."

"சரி மாமா."

"அலமாரில பேதி உப்பு இருக்கு. கொஞ்சூண்டு போடுங்க."

"இன்னும் உப்பா மாமா?"

"அது வேற உப்பு. வீக்கத்துக்கு." மூச்சு வாங்கினார். "நிதானம். நிதானம் முக்கியம்."

அவன் தொட்டியில் பாதியளவு தண்ணீரை எடுத்தான். பேதி உப்பைக் கிள்ளிப் போட்டான். ஸ்டூல்மேல் வாளியை வைத்து, காற்றுக்குழாய் ஒன்றில் முடிச்சுப் போட்டு, வாயால் உறிஞ்சி இறக்கினான். முதலில் ஒழுகியது. முடிச்சை இறுக்கினான். நின்றே போயிற்று. மலைப்பாதையில் லோடு வண்டியை இறக்கும்போதுகூட அவ்வளவு நிதானம் அவனுக்குத் தேவைப்பட்டதில்லை. தளர்த்தினான். ஒரு சொட்டு. இன்னொன்று.

"விழுதா?"

"விழுது மாமா."

"வேகமாவா?"

"இல்ல மாமா. மெதுவாத்தான்."

மீன் மூலையிலிருந்து நகரவில்லை. செவுள் மட்டும் அசைந்தது. அவன் அதையே பார்த்தபடி குந்தியிருந்தான். எழுந்து உள்ளே போகலாம். போனால் முடிச்சு நழுவிவிடும் என்று தோன்றியது.

"விழுதா?"

"விழுது மாமா."

அடுத்த கேள்வி தாமதமாக வந்தது. அதற்கடுத்தது இன்னும் தாமதமாக, பாதிச் சொல்லாக. அவன் தலையைச் சாய்த்து, இரைச்சலுக்கு அடியில் காதைக் கொண்டுபோனான். உள்ளே மனைவி கரண்டியால் தண்ணீர் புகட்டும் ஓசை கேட்டது. பிறகு அதுவும் இல்லை. சொட்டுகள் விழுந்துகொண்டிருந்தன.

"விழுது மாமா" என்றான், யாரும் கேட்காமலே.

கொஞ்சம் உரக்க, "நல்லா விழுது" என்றான்.

"ஏங்க" என்றாள் மனைவி. சத்தமாகக்கூட இல்லை.

மாலையில் அமரர் ஊர்தி வந்தது. சித்தப்பா வந்திருந்தார், மாடிவீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். ஸ்ட்ரெச்சரை அறைக்குள் கொண்டுபோவதற்கு முன், நடையின் அகலத்தைப் பார்த்துவிட்டு வண்டியாள் சொன்னார்.

"இந்தத் தொட்டிய எடுத்துடுங்க சார். திரும்பாது."

அவன் குழாயை எடுத்துவிட்டு, தொட்டியைத் தூக்கினான். நினைத்ததைவிடக் கனத்தது. வைக்க இடமில்லை, தரையெல்லாம் ஆட்களும் செருப்பும் நாற்காலியும். சமையலறை வாசலுக்குள் ஒதுங்கி, மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மாப்பிள்ளை, தலைமாட்டுல ஒரு கை பிடிங்க" என்றார் சித்தப்பா. பிறகு தொட்டியைக் கவனித்தார். "இப்பப் போய் மீனா? கீழ வைப்பா."

அவன் அசையவில்லை. சித்தப்பா அவன் மனைவியைப் பார்த்தார். அவள் தொட்டியைப் பார்த்தாள்.

"நீங்க பிடிங்க சித்தப்பா" என்றாள்.

ஸ்ட்ரெச்சர் நடையில் வந்து, ஒரு பக்கம் சாய்ந்து, அவனைக் கடந்தது. வெள்ளைத் துணியின் ஓரம் அவன் முழங்கையை உரசிக்கொண்டு போனது. தண்ணீர் ஆடி, சட்டையை நனைத்தது. மீன் நடுத்தொட்டிக்கு வந்து, ஆட்டத்துக்கு எதிராக முகம் வைத்து, துடுப்பை அடித்தபடி ஒரே இடத்தில் நின்றது.

படிக்கட்டில் பல காலடிகள் இறங்கின. மெல்ல, மெல்ல என்று யாரோ சொன்னார்கள். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் அடங்கக் காத்திருந்தான்.