மூன்று விரல் நாடி

செத்துப்போன அனுப்பிரியாவின் நாடி எட்டு வருஷமாக ஜான்சியின் வலது கை மூன்று விரல்களில் துடிக்கிறது.

ஜான்சி சர்க்கார் நடமாடும் மருத்துவக் குழுவில் டாக்டருக்கு அசிஸ்டென்ட். நீலச் சட்டை, தோளில் சிவப்புப் பட்டை. ஊசி போடலாம், தையல் போடலாம், டிரிப் ஏற்றலாம். ஆள் செத்துவிட்டது என்று மட்டும் சொல்லக் கூடாது. அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஜனங்கள் அவளை அரை டாக்டர் என்று கேலி பேசிக்கொண்டே அவளிடம்தான் வரிசையில் நின்றார்கள். 2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்த அன்று, கடலூர்க் கடற்கரைப் பள்ளிக்கூட வராந்தாவில் பொன்னி தன் ஆறு வயது மகள் அனுப்பிரியாவைக் கொண்டுவந்து கிடத்தினாள். ஜான்சி மணிக்கட்டைப் பிடித்தாள். ஒன்றும் இல்லை. "உசுரு இருக்குதாம்மா?" என்றாள் பொன்னி. "டாக்டர் வரட்டும்க்கா." சொல்லிக்கொடுத்தது அதைத்தான். இதோ வருகிறார், அதோ வருகிறார் என்றார்கள். யாரோ பெரிய மனிதர் பார்வையிட வருகிறார் என்று டாக்டர் வண்டியை வேறு பக்கம் திருப்பிவிட்டிருந்தார்கள். சர்க்கார் வண்டி என்றைக்கு ஏழை வாசலுக்கு நேராக வந்தது? பொழுது சாயும்வரை ஜான்சி கையை விடவில்லை. பிறகு பிள்ளையை மற்றவர்களோடு சேர்த்து மணலில் புதைத்தார்கள். செத்துவிட்டாள் என்று கடைசிவரை ஒருவரும் சொல்லவில்லை. சொல்லாததால் நாடி நிற்கவில்லை, பிடித்த விரல்களிலேயே தங்கிவிட்டது.

ஜான்சியைக் கீரப்பாளையத்துக்கு மாற்றினார்கள். அங்கே வலது கையால் தொட்டால் கிழவனுக்கும் பிள்ளை நாடி ஓடியது. இடது கைக்கு மாறிக்கொண்டாள். வெள்ளிக்கிழமைதோறும் பொன்னி சிதம்பரத்தில் பஸ் மாறி வந்து அந்த மூன்று விரலையும் பொத்திக்கொண்டு உட்காருவாள். "இன்னிக்கி என்னா ஓட்டமா ஓடுறா." "வெயில்ல ஆட்டம் போட்டிருப்பாக்கா." "சொன்னா எங்க கேக்குறா?" வருஷம் போகப்போக நாடி நிதானப்பட்டது, வளரும் பிள்ளைக்கு அப்படித்தான். 2011 டிசம்பரில் தானே புயல் வந்து பலாவையும் முந்திரியையும் சாய்த்தபோது மட்டும் பயந்து படபடத்தது. ஜான்சி கையை மடியில் வைத்துத் தட்டிக்கொடுத்தாள்.

2012இல் வந்த புது டாக்டர் இளவரசு, ஜான்சியின் விரலில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தார். "நான் ஒரு வார்த்தை சொன்னா நின்னுடும். சொல்லட்டுமா?" ஜான்சி கையை இழுத்துக்கொண்டாள். "அவுங்க அம்மாவக் கேக்கணும் சார்."

அந்த வெள்ளிக்கிழமை பொன்னி தூக்கு நிறைய உளுந்தங்களியோடு வந்தாள். கூடவே அவள் தம்பி ராஜவேல், தாய்மாமன் சீராகப் பாவாடை தாவணியோடு. போன வாரமே நாடியில் வித்தியாசம் தெரிந்துவிட்டதாம், பெண் பெரியவளாகிவிட்டாளாம்.

"அக்கா, டாக்டர் வந்திருக்காரு. சொல்லட்டுமான்னு கேக்குறாரு."

பொன்னி விரல்களை விடவில்லை. "அன்னிக்கே ஒன் மூஞ்சியப் பாத்துத் தெரிஞ்சிக்கிட்டேன் ஜான்சி. நீ கைய விடல பாரு, அதுக்குத்தான் வர்றேன்." டாக்டர் பக்கம் திரும்பினாள். "உக்காருங்க சார். எட்டு வருஷம் கழிச்சி வந்திருக்கீங்க, களி சாப்புட்டுப் போங்க."

டாக்டர் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை, உட்கார்ந்து களி சாப்பிட்டார். விரல்களுக்கு மஞ்சள் பூசினார்கள். ராஜவேல் தாவணியை ஜான்சியின் மணிக்கட்டில் சுற்றிவிட்டு வெளியே போய் அழுதான்.

மறுநாள் ஜான்சி சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்கு வந்தாள். வரிசையில் முதலில் நின்ற வைத்திலிங்கம், "கையில என்னாம்மா மஞ்சா?" என்றார்.

"எங்க பொண்ணு பெரியவளாயிட்டா."

"நல்லா இருக்கட்டும்," என்று அவர் கையை நீட்டினார். ஜான்சி இடது கையால் நாடி பார்த்தாள்.