வெயில் வேண்டாத செடிகள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கதையாக வந்திருக்க வேண்டியதே இல்லை. ஒரு வார இதழின் வீட்டுப் பக்கத்துக்கு, குளிர்காலத்தில் அதிகம் கவனிக்கத் தேவையில்லாத வீட்டுச் செடிகள் என்று அரைப் பக்கம் கேட்டார்கள். எனக்குச் செடிகளைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. (இந்தச் சிலேடை தானாக விழுந்தது. எடுக்க மனம் வரவில்லை.) அதனால் இரண்டு தெரு தள்ளியிருந்த செடிக்கடைக்குப் போனேன்.

கடைக்காரிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கம்பளிச் சட்டையின் கையை முழங்கை வரை மடித்துவிட்டு, தொட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் குளிர்ல எந்தச் செடிங்க சாகாது?" என்று கேட்டேன்.

"எல்லாம் சாகும் சார். சிலது செத்ததைக் கொஞ்சம் லேட்டா சொல்லும், அவ்வளவுதான்."

பிறகு சிரித்துக்கொண்டே ஸ்னேக் பிளான்ட் ஒன்றை எடுத்துக் காட்டினாள். கத்தி மாதிரி நிமிர்ந்த இலைகள். குளிர்காலத்தில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றினால் போதும். ஊற்றாமல் கொன்றவர்களைவிடப் பாசத்தில் ஊற்றிக் கொன்றவர்கள்தான் அதிகம் என்றாள். நான் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன்.

"வெயில்?"

"வெயிலே வேணாம் சார். இருட்டு ரூம்ல போட்டாக்கூட அது பாட்டுக்கு..."

பேச்சு நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். தொட்டியைக் கீழே வைத்துவிட்டு, கடைக்கு வந்தவனிடம் சொல்ல அவசியமே இல்லாத ஒன்றைச் சொல்லத் தொடங்கினாள். என் கட்டுரை அந்த இடத்தில் படுத்துவிட்டது.

2

தொடக்கத்துக்கு இரண்டு மூன்று முயற்சி செய்தேன்.

"குளிர்காலம் வந்துவிட்டால் அந்த வீட்டில் ஜன்னல்கள் எல்லாம்—" வேண்டாம். வானிலை அறிக்கை வாசிப்பதுபோல இருக்கிறது.

"அந்த வீட்டில் ஒருத்தி கேட்பாள், ஒருத்தி கொடுப்பாள்." இது நன்றாக இருக்கிறது. அதனாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது.

நேராகவே சொல்லிப் பார்க்கிறேன்.

கடைக்காரியும் அவள் அக்காவும் ஒரே வீட்டில் இருந்தார்கள். இருவருக்கும் வேறு ஆள் கிடையாது. அக்காவுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் பவருக்கு ஏற்றபடி லென்ஸைத் தேய்த்து, சட்டத்தில் பொருத்திக் கொடுக்கிற வேலை. வாரம் முழுக்க மேசை விளக்கின் கீழே குனிந்தே இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தன் அறை ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, முகத்தில் வெயில் விழும்படி கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். தூங்க மாட்டாள், படிக்க மாட்டாள். "கண்ணைக் காயப் போட்டிருக்கேன்" என்பாள்.

செடிக்கடை திறந்த முதல் வருஷம், குளிர் தொடங்கியதும் தங்கை கேட்டாள்.

"அக்கா, கடையில இடம் பத்தல. உன் ரூம்ல ஜன்னல் இருக்கு. ரெண்டே மாசம். நீ பின் ரூம்ல படுத்துக்கிறியா?"

"எடுத்துக்கோ" என்றாள் அக்கா.

அன்று சாயங்காலமே கட்டிலைத் தூக்கிப் பின் அறையில் போட்டார்கள். அங்கே இருந்த ஒரே ஜன்னல் பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்தபடி இருந்தது. பகலிலும் விளக்குப் போட வேண்டும். இரண்டு மாதம் போயிற்று, குளிரும் போயிற்று. அதற்குள் அடுத்த சரக்கு வந்து இறங்கிவிட்டது. அறை திரும்பவில்லை. தங்கை கொடுக்கவில்லை, அக்கா கேட்கவில்லை. இப்படியே மூன்று குளிர்காலம்.*

* இடையிடையே, "அக்கா, உனக்கு அங்க ஒண்ணும் கஷ்டமில்லையே?" என்று தங்கை கேட்டதுண்டு. பதில் தெரிந்த கேள்வியாகவே கேட்டிருக்கிறாள். எனக்கும் ஓர் அண்ணன்— (இல்லை. இது அவளுடைய கதை.)

3

நான்காவது குளிர்காலத்தின் ஆரம்பத்தில் அக்கா கிளம்பிப் போனாள். இந்த இடத்தை நான் மிகவும் ரசித்து எழுதியிருந்தேன். அக்கா தொட்டிகளுக்கு நடுவே நின்று ஒரு பக்கத்துக்குப் பொரிந்து தள்ளுகிறாள். "உனக்கு நான் மனுஷியாவே தெரியலையா?" என்றெல்லாம் கேட்கிறாள். அந்தத் தாள்களைக் கடைக்காரியிடமே கொண்டுபோய்க் காட்டினேன்.

கல்லாவுக்குப் பின்னால் நின்றபடி படித்து முடித்தாள். தாளை மடித்து என்னிடமே நீட்டினாள்.

"எங்க அக்கா இவ்வளவு பேச மாட்டா சார். இவ்வளவு பேசியிருந்தா நான் ரூமைத் திருப்பிக் குடுத்திருப்பேன்."

வெட்கமாகப் போய்விட்டது. நடந்ததை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

காலை ஏழு மணி. வாசலில் இரண்டு பெட்டி. அக்கா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க போற அக்கா?"

"வேற ஊர்ல எங்க கடைக்கு ஒரு கிளை இருக்குல்ல, அங்க மாத்தல் கேட்டிருந்தேன். கிடைச்சிடுச்சு. ரூமும் பாத்தாச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே! திடீர்னு இப்படி... அந்த ரூம்ல அப்படி என்ன இருக்கு?"

"ஜன்னல் இருக்கு" என்றாள் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். குளிருக்குப் போர்த்திக்கொள் என்று சொல்லிவிட்டு, பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

4

அன்றே தங்கை அறையைக் காலி செய்தாள். நாற்பது ஸ்னேக் பிளான்ட் தொட்டிகளையும் தானே சுமந்து பின் அறைக்குக் கொண்டுபோனாள். இடுப்பு விட்டுப்போயிற்று. கட்டிலைப் பழையபடி ஜன்னலோரம் கொண்டுவந்து போட்டு, விரிப்பு மாற்றிவிட்டுப் போன் செய்தாள்.

"அக்கா, ரூம் ரெடியா இருக்கு."

"இருக்கட்டும்."

அவ்வளவுதான் பேச்சு. இது நடந்து இரண்டு வருஷம். அதற்குப் பிறகும் மாதம் ஒருமுறை பேசிக்கொள்கிறார்கள். சாப்பிட்டாயா, சளி இருக்கிறதா என்பதோடு முடிந்துவிடும்.

"செடிங்க என்னாச்சு?" என்று கேட்டேன். கட்டுரைக்காரன் புத்தி.

ஓர் இலையின் தூசியை, அதில் தூசி இல்லாதபோதும், துடைத்தாள்.

"ஒண்ணுகூட சாகல சார். அந்த இருட்டு ரூம்ல, அந்தக் குளிர்ல, நாப்பதும் அப்படியே நின்னுச்சு. அதுங்களுக்கு ஜன்னல் வேணாம்னு எனக்குத் தெரியும். வர்றவங்ககிட்ட எல்லாம் அதைச் சொல்லித்தானே விக்கிறேன்? தெரிஞ்சேதான் கேட்டேன். வெளிச்சத்துல வச்சா இலை கொஞ்சம் பளபளன்னு இருக்கும், சீக்கிரம் வித்துப்போகும். அதுக்காகக் கேட்டேன்."

இதற்கு மேல் ஓர் ஆறுதல் வாக்கியம் எழுதி வைத்திருந்தேன். அடித்துவிட்டேன்.

5

முடிவுகள்.

(அ) தங்கை அந்த ஊருக்குப் போகிறாள். அக்கா கதவைத் திறக்கிறாள். இருவரும் அழுகிறார்கள். [எழுதும்போது நானும் கொஞ்சம் அழுதேன். அது நல்ல அறிகுறி அல்ல.]

(ஆ) தங்கை போகிறாள். தெருவில் நின்று மேலே பார்க்கிறாள். ஜன்னலில் அக்கா கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறாள். தொந்தரவு செய்ய வேண்டாம் என்று திரும்பிவிடுகிறாள். [அழகாக இருக்கிறது. ஆனால் அழகுக்காக ஒருத்தியை அவ்வளவு தூரம் அனுப்பித் திருப்பிக் கூட்டி வரலாமா?]

(இ) தங்கை போவதற்குள் அக்காவுக்கு— [மாட்டேன்.]

இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தபோது கடைக்காரியே போன் செய்தாள்.

"சார், எழுதி முடிச்சிட்டீங்களா?"

"முடிவு மட்டும் பாக்கி."

"அதை எழுதாதீங்க. வர்ற ஞாயித்துக்கிழமை போலாம்னு இருக்கேன். ஒவ்வொரு வாரமும் இப்படித்தான் சொல்லிக்கிட்டிருக்கேன், அது வேற விஷயம். ஆனா நீங்க எழுதிட்டா நான் போயிட்டு வந்த மாதிரியே ஆயிடும். மனசு ஆறிடும். அப்புறம் போகவே மாட்டேன்."

"போனா என்ன சொல்லப் போறீங்க?"

"உங்ககிட்ட சொன்னதைத்தான். தெரிஞ்சேதான் கேட்டேன்னு. அவளுக்கு அது இன்னும் தெரியாது சார். செடிக்கு வெயில் வேணும்னுதான் அவ நெனச்சிட்டிருக்கா."

சொன்ன பிறகு அக்காவுக்குக் கோபம் வருமா என்று கேட்க வாயெடுத்தேன். வந்தால் நல்லதுதான் என்று தோன்றியதால் கேட்கவில்லை.

6

ஞாயிறு போயிற்று. செவ்வாய்க்கிழமை அந்தத் தெரு வழியாக நடந்தேன். கடையின் ஷட்டர் இறங்கியிருந்தது. பக்கத்தில் சாவி வெட்டிக் கொடுக்கிறவர் வெளியேதான் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, என்ன வேண்டும் என்பதுபோலத் தலையையும் ஆட்டினார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்தால் எழுதிவிடுவேன்.

உங்களுக்கு அந்தப் பக்கம் ஏதாவது வேலை இருந்தால் நீங்கள் விசாரித்துக்கொள்ளுங்கள். எனக்குச் சொல்ல வேண்டாம்.